மிதந்து வராத தூசு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

எங்கள் இயற்பியல் ஆய்வகத்திற்குள் காலடி எடுத்து வைப்பவரை முதலில் வரவேற்பது ஆமணக்கெண்ணெய் வாசனைதான். முதலாண்டில் சேர்ந்த புதிதில், "இது ஆய்வகமா, பாட்டி வைத்தியசாலையா?" என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரமான கண்ணாடி ஜாடி நிறைய எண்ணெயை ஊற்றி, சிறு எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு கோடுகளுக்கிடையே அவை இறங்கும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தில் குறிக்க வேண்டும். ஸ்டோக்ஸ் முறையில் பாகியல் எண் காணும் சோதனை இது. பெரிய குண்டு விறுவிறுவென்று இறங்கிவிடும். சிறிய குண்டோ மாப்பிள்ளை ஊர்வலம்போல மெதுவாக வரும். குண்டின் ஆரத்தின் வர்க்கத்தையும் அது இறங்கிய நேரத்தையும் பெருக்கினால் எல்லாக் குண்டுகளுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். எனக்கு வரவில்லை. பக்கத்து மேசையில் வந்த எண்ணைப் பார்த்து எழுதினேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தாகிவிட்டது.

அதே சோதனையை இரண்டாமாண்டில் தம்பி தங்கைகளுக்குச் செய்து காட்டும்படி பேராசிரியர் என்னிடம் சொன்னார். செய்துகொண்டிருக்கும்போது அருகில் வந்து, "எண்ணெயில் எஃகு இறங்குகிறது. உருகிய எஃகில் தூசு இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "மேலே வரும். சூத்திரம் ஒன்றுதான், திசைதான் வேறு. ஆனால் ஒரு சங்கடம். சின்னத் தூசு மேலே வருவதற்குள் எஃகு உறைந்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட அந்தத் தூசுதான் பின்னொரு நாள் அச்சை முறிக்கும்" என்றார்.

அவர் ஏதோ எடுத்துக்காட்டாகச் சொன்னதுதான். எனக்கு மட்டும் கையிலிருந்த குண்டு நழுவி மேசைக்கடியில் ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு முறிந்த அச்சு இருக்கிறது.

என் தந்தை லாரி ஓட்டுநர். சங்ககிரிப் பக்கத்தில் லாரி இல்லாத தெரு இல்லை என்பதால் இதில் வியப்பேதும் இல்லை. 2013-ஆம் ஆண்டு, நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில், இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியபோது, பின்பக்கம் 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாப்ட் முறிந்துபோயிருந்தது. கிளீனர் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். யாருக்கும் காயமில்லை. வேறு வண்டி வரவழைத்துச் சுமை மாற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அடுக்கின் மேலிருந்த மூட்டைகள் நனைந்தன.

வண்டி முதலாளி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கிளட்சைத் தூக்கி அடிச்சிருப்பே. இல்லேன்னா ஆக்சில் ஏன் முறியுது?" புது ஆக்சில், சுமை மாற்றிய கூலி, நனைந்த சரக்கு எல்லாம் அப்பாவின் கணக்கில் ஏறின. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம்; பதினான்கு மாதம். அந்த ஆண்டுதான் அக்கா பத்தாவதோடு நின்று நூற்பாலைக்குப் போனாள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். கல்லூரியில் சேர்ந்தபோது 'குடும்பத்தில் முதல் பட்டதாரி' என்னும் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். என்னோடு துணைக்கு வந்து நின்றவள் அக்காதான்.

முறிந்த ஆக்சிலின் ஒரு சாண் நீளத் துண்டை அப்பா வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். பழைய இரும்புக்குப் போட்டால் ஏதோ கிடைக்கும். போடவில்லை. கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். தேங்காய் உடைக்க அம்மா ஒருமுறை அதை எடுத்தபோது, அதிகம் பேசாத மனிதர், சத்தம் போட்டுவிட்டார். ஆறு மாதத்துக்கொரு முறை வெளியே எடுப்பார். முறிந்த முகத்தில் மட்டும் கிரீஸ் தடவுவார். மறுபடி சுற்றி வைப்பார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வண்டிக்காரர்களுக்கு எதற்கும் கிரீஸ் தடவும் பழக்கம் உண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போய் அந்தத் துண்டைக் கேட்டேன். "காலேஜ்ல எதுக்கு கண்ணு இது?" என்றார். "எங்க சார்கிட்டக் காட்டணுங்கப்பா" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. புதுச் சாக்காகத் தேடி எடுத்துச் சுற்றிக் கொடுத்தார். மூன்று கிலோ இரும்பை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "என்ன பாப்பா, பலாப்பழமா?" என்று கேட்டார்.

பேராசிரியர் மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து முறிந்த முகத்தைத் துடைத்தார். பன்னிரண்டு ஆண்டுக்குமேல் ஆகியும் பெரும்பகுதி துருப்பிடிக்காமல் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யார் இதற்குக் கிரீஸ் தடவியது?" என்றார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடமே தந்து, "நீ பார்த்துச் சொல்" என்றார்.

முகத்தின் ஒரு பகுதி சர்க்கரையை உடைத்தாற்போல் சொரசொரப்பாக இருந்தது. மறுபகுதி வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பில் மெல்லிய வளைகோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக, அலை வந்து திரும்பிய மணலில் தெரிவதுபோல. உலோகவியலாரும் இவற்றைக் கடற்கரைக் கோடுகள் என்றே அழைக்கிறார்களாம். கோடுகளெல்லாம் வெளி ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஓரிடத்தைச் சுற்றியே வளைந்திருந்தன. அந்த இடத்தில் கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி.

பேராசிரியர் விளக்கினார். ஒரே அடியில் முறிந்தால் முகம் முழுவதும் சொரசொரப்பாகத்தான் இருக்கும். வழவழப்பும் வளைகோடும் இருந்தால் வெடிப்பு பல காலமாகச் சிறிதுசிறிதாக வளர்ந்து வந்திருக்கிறது என்று பொருள். அச்சு ஒவ்வொரு முறை முறுக்கப்படும்போதும் வெடிப்பு இம்மியளவு நகரும். மிச்சமிருக்கும் நல்ல எஃகு சுமையைத் தாங்க முடியாத நாளில் 'டங்'. "உன் அப்பா ஓட்டிய அந்த ஏற்றத்தில் நடந்தது கடைசிப் பகுதி மட்டும். இது ஒரு நாளில் முறிந்த அச்சு அல்ல. அதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால், அந்தப் புள்ளி எஃகிலேயே இருந்த துகளா, துருவா, கிரீஸோடு ஒட்டிய மண்ணா என்பதை இந்தக் கண்ணாடியை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மின்னணு நுண்ணோக்கி வேண்டும். பல நாள் கூடுதல் பாரம் ஏற்றினாலும் வெடிப்பு பிறக்கும். அவசரப்பட்டு எழுதிவிடாதே" என்றார். அதனால்தான் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

"விமானத்துக்கு வேண்டிய எஃகை இப்படி விடமாட்டார்கள். வெற்றிட உலையில் உருக்குவார்கள்" என்று போகிற போக்கில் ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. காற்றே இல்லாத இடத்தில் உருக்கினால் தூசு எங்கிருந்து வரும்? அப்படியானால் உலகத்தில் ஓர் எஃகு இருக்கிறது, அதன் ஆக்சில் முறியாது, அதை ஓட்டுபவருக்குப் பிடித்தம் இருக்காது! இந்த மகிழ்ச்சியோடு நூலகத்துக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து வேறு மாதிரியாகத் திரும்பி வந்தேன். அங்கே படித்ததை என்னால் இயன்ற அளவில் சொல்கிறேன்; தவறிருந்தால் வேதியியல் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

இறுக மூடிய பெரிய எஃகு அறை. அதற்குள் ஒரு மூசை. மூசை என்னும் சொல் நமக்குப் புதிதல்ல. நம் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்குமுன் மூசையில் உருக்குச் செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. இந்தக் காலத்து மூசை மக்னீசியா, அலுமினா போன்ற வெப்பம் தாங்கும் பொருள்களால் ஆனது. அதைச் சுற்றிச் செப்புக் குழாய்ச் சுருள். குழாய்க்குள் குளிர்நீர் ஓடும். சுருளில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினால், மூசையிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு அது தானாகவே சூடேறி உருகும். நெருப்பும் இல்லை, கரியும் இல்லை. நாம் பாடத்தில் மனப்பாடம் செய்யும் மின்காந்தத் தூண்டல் விதிதான் அங்கே விறகு. அறையின் காற்றைப் பம்புகள் இழுத்துவிடும். வெளியே பாதரச அளவில் 760 மில்லிமீட்டர் இருக்கும் அழுத்தத்தை உள்ளே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறக்கிவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கருக்கொண்ட இம்முறை, 1950-களில் ஜெட் எஞ்சின்கள் பெருகியபோது பெரிய தொழிலாக வளர்ந்தது. நம் நாட்டில் ஐதராபாத்தில் 1973-இல் தொடங்கப்பட்ட மிதானி நிறுவனம் இவ்வகை உலைகளில் உயர்தர உலோகங்களை உருக்குகிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்து உறை 'மாரேஜிங்' எனப்படும் அருமையான எஃகால் ஆனது. அதெல்லாம் இந்த வழியில் பிறக்கும் குடும்பந்தான்.

வெற்றிடம் செய்யும் நன்மை பெரியது. உருகிய எஃகில் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கரைந்திருக்கும். கரையும் அளவு வெளியழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் போனால் வாயுவும் போகும், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல. எஃகிலுள்ள கரி, கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகக் குமிழியிட்டு வெளியேறும். காற்றிலே உருக்கும்போது ஆக்சிஜனைப் பிடிக்க அலுமினியத்தைப் போடுவார்கள். அது ஆக்சிஜனைப் பிடித்து அலுமினாத் தூசாக உள்ளேயே நின்றுகொள்ளும். வெற்றிடத்தில் கரியே அந்த வேலையைச் செய்து, செய்த சுவடு தெரியாமல் வாயுவாகப் போய்விடுகிறது. எவ்வளவு நேர்த்தி! இந்த இடம்வரை படித்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் படித்த பகுதிதான் என்னைக் கலைத்தது.

அழுத்தம் குறையக் குறையக் கரிக்குப் பசி கூடுகிறது. எஃகிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்ததும் அது சும்மா இருப்பதில்லை. மூசையின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. மக்னீசியாவில் இருப்பதும் ஆக்சிஜன்தானே! கரியும் மக்னீசியாவும் சேர்ந்தால் மக்னீசிய ஆவியும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கின்றன. இரண்டும் வாயுக்கள். வாயு பிறக்கும் வினையை வெற்றிடம் முன்னோக்கித் தள்ளும் என்பதை லெ சாட்டலியர் தத்துவத்தில் படித்திருக்கிறோம். ஆக, எஃகைத் தூய்மையாக்கும் அதே வெற்றிடம், அதே கரி, எஃகை ஏந்தி நிற்கும் பாத்திரத்தை அரிக்கின்றன. அரித்த சுவரிலிருந்து துணுக்குகள் உதிரும். ஆவியான மக்னீசியத்தில் ஒரு பகுதி எஃகில் கரைந்து, அங்கே அலுமினாவைக் கண்டால் அதனோடு சேர்ந்து 'ஸ்பைனல்' என்னும் கடினமான புதுத் துகளாகும். உலையில் நெடுநேரம் வைத்திருந்தால், முதலில் இறங்கிய ஆக்சிஜன் அளவு ஒரு கட்டத்துக்குப்பின் இறங்க மறுக்கிறது. சில வேளை ஏறவும் செய்கிறது. காற்றை வெளியேற்றிவிட்டோம் என்று நாம் நினைத்திருக்க, பாத்திரமே காற்றின் வேலையைச் செய்கிறது.

இன்னொன்றையும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. வெற்றிடம் வாயுவைத்தான் இழுக்கும். திடத் துகளை இழுக்காது. அலுமினாத் துகளுக்கு மேலே காற்றிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! எங்கள் ஊர்ப்பக்கம் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது வெண்டைத் தண்டை நசுக்கிப் பிழிந்த கொழகொழ நீரை ஊற்றுவார்கள். அழுக்கு அதிலே ஒட்டித் திரண்டு மேலே வரும், வழித்து எறிவார்கள். சாதாரண எஃகு உலையில் மேலே மிதக்கும் கசடுக் குழம்பு ஏறக்குறைய அந்த வேலையைச் செய்கிறது. மிதந்து வரும் துகளைக் கரைத்துத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. வெற்றிட மூசையிலோ பெரும்பாலும் கசடு கிடையாது. மேலே வந்த துகள் திட்டாகச் சேர்ந்து மிதக்கலாம், சுவரில் போய் ஒட்டலாம், அல்லது மின்காந்தக் கலக்கலில் மறுபடி உள்ளே இழுக்கப்படலாம். வார்க்கும் வழியில் அணைகள் கட்டியும், பீங்கான் வடிகட்டி வைத்தும் தடுக்கிறார்கள். பால் வடிகட்டி எவ்வளவு கண் சிறிதானாலும் பாலோடு போவது ஏதோ ஒன்று இருக்கத்தானே செய்யும்.

எத்தனை நேரம் காத்திருந்தால் தூசு மேலே வரும்? இதைப் புத்தகத்தில் தேடாமல் நானே கணக்கிட்டுப் பார்த்தேன். உருகிய எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிராம். அலுமினா சுமார் 4 கிராம். உருகிய எஃகின் பாகியல் தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. ஸ்டோக்ஸ் சூத்திரத்தில் இவற்றை இட்டேன். மூசை ஒரு மீட்டர் ஆழம் என்று கொண்டேன். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துகள் அடியிலிருந்து மேலே வர ஆறு நிமிடம். ஐம்பதில் ஒரு பங்கு விட்டமானால் இரண்டரை மணி நேரம். இருநூறில் ஒரு பங்கானால் நாற்பது மணி நேரம்! நாற்பது மணி நேரம் எஃகை உருகிய நிலையில் வைத்திருந்தால் அதற்குள் மூசையே பாதி கரைந்துவிடாதா? காத்திருந்தால் பழைய தூசு போகும், புதுத் தூசு வரும். அந்த நாற்பதைப் பார்த்தபோது கணக்கில் தவறென்று நினைத்து மூன்று முறை போட்டேன். முதலாண்டில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிய அதே சூத்திரம். இம்முறை யாரையும் பார்க்கவில்லை.

பேராசிரியரிடம் காட்டினேன். கணக்கு சரி என்றார். ஆனால் ஸ்டோக்ஸின் எண்ணெய் அசையாமல் நிற்பது, உலையிலுள்ள எஃகு சுழன்றுகொண்டே இருப்பது. துகள்கள் ஒன்றோடொன்று மோதித் திரண்டால் விரைவாகவும் மேலே வரும், எனவே இதை உலையின் முழுக் கதையென்று நம்பாதே என்று திருத்தினார். இன்னொரு கணக்கும் போடச் சொன்னார். பத்து லட்சம் கிராம் எஃகில் பத்துக் கிராம் ஆக்சிஜன் என்றால் அது நல்ல சுத்தமான எஃகு. அந்த ஆக்சிஜன் முழுவதும், நாற்பது மணி நேரம் கேட்ட அந்தச் சின்னத் துகள்களாக இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ எஃகில் எத்தனை துகள்? விடை: ஏறத்தாழ எட்டுக் கோடி. சுத்தமான எஃகிலேயே எட்டுக் கோடி! "பயப்படாதே, எண்ணிக்கை அல்ல ஆபத்து. அத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக, அதுவும் இழுவிசை மிகுந்த இடத்தில் அமைந்துவிட்டால் அதுதான் ஆபத்து" என்றார். அந்த ஒன்றைத் தேடித்தான் ஒலியலையைச் செலுத்திச் சோதிக்கிறார்கள், மாதிரி வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். தேடுகிறவர் வெட்டிப் பார்த்த இடத்திலேயே அது இருந்தாக வேண்டுமே!

இதனால் ஒருமுறை உருக்கியதோடு விடுவதில்லை. வார்த்த எஃகைத் தண்டாக்கி, வெற்றிட அறையில் தொங்கவிட்டு, மின்வில் மூட்டி, அடிமுனையிலிருந்து துளித்துளியாக மறுபடி உருக்குகிறார்கள். துளிகள் விழுவது நீரால் குளிர்விக்கப்படும் செம்புப் பாத்திரத்தில். சுவரைத் தொட்டதும் எஃகு உறைந்து, தனக்குத் தானே மூசையாகிவிடுகிறது. அரிப்பதற்கு அங்கே மக்னீசியாச் சுவர் இல்லை. துளியாகப் பிரிவதால் உள்ளே ஒளிந்திருந்த துகள்கள் மேற்பரப்புக்கு வந்து குட்டையின் ஓரத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. ஜெட் எஞ்சினின் முக்கியத் தாங்கிகளுக்கான எஃகை இப்படி இருமுறை வெற்றிடத்தில் உருக்குகிறார்கள். இதை எழுதும்போதே லாரி ஆக்சிலுக்கு இது கட்டுப்படியாகாது என்பது எனக்குத் தெரிகிறது. ஓர் ஆக்சிலுக்காக வண்டியையே விற்க வேண்டியிருக்கும்.

இருமுறை உருக்கினால் போதுமா? இங்கே எஃகை விட்டு ஒரு கணம் டைட்டேனியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் 296 பேருடன் பறந்துகொண்டிருந்த பெரிய விமானமொன்றின் வால்பக்க எஞ்சினில் விசிறியைத் தாங்கிய டைட்டேனிய வட்டு வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் திரவக் குழாய்கள் மூன்றும் அறுந்தன. மற்ற இரு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் சூ சிட்டி நிலையம்வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். 112 பேர் இறந்தனர்; மற்றவர்கள் பிழைத்தனர். வட்டின் துண்டுகள் எங்கோ மக்காச்சோள வயலில் விழுந்திருந்தன. மாதக்கணக்கில் தேடி, அக்டோபரில் அறுவடையின்போது கண்டெடுத்தார்கள். நுண்ணோக்கியில் வைத்தார்கள். நடுத்துளையின் ஓரத்தில், நைட்ரஜன் மிகுந்த கடினத் துகள் ஒன்று இருந்த பள்ளம். அதிலிருந்து கிளம்பிய வெடிப்பு. அந்த உலோகம் 1971-இல் இருமுறை வெற்றிடத்தில் உருக்கப்பட்டது. டைட்டேனியத்தைவிட உயர்ந்த வெப்பத்தில் உருகும் அத்துகள், இரண்டு உலைக்கும் தப்பி, பதினேழு ஆண்டு வானத்தில் பறந்திருக்கிறது. அத்தகைய வட்டுகளுக்கு மும்முறை உருக்கும் முறையை 1972-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். இந்த வட்டு அதற்கு ஓராண்டு முன்பிறந்தது.

நூலகத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், விபத்தைவிட என்னை உலுக்கியது அந்தச் சோள வயல்தான். முறிந்த துண்டைத் தேடி எடுத்து, துடைத்து, 'எங்கே தொடங்கியது?' என்று அதையே கேட்டிருக்கிறார்கள். எங்கள் துண்டை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அது கட்டிலுக்கடியிலேயே இருந்தது. அப்பா அதற்கு ஏன் கிரீஸ் தடவி வந்தார் என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று வைத்திருந்திருக்கிறார்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, உருப்பெருக்கிக் கண்ணாடியையும் துண்டையும் கொண்டுபோனேன். திண்ணையில் வெயிலில் வைத்து அப்பாவுக்குக் காட்டினேன். வளைகோடுகளைப் பார்த்தார். "அன்னிக்கு முறிஞ்சது இல்லீங்கப்பா. எத்தனையோ மாசத்துக்கு முந்தியே உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருக்கு" என்றேன். "அதைத்தான் நானும் அப்பச் சொன்னேன் கண்ணு. நான் கிளட்சை அடிக்கலே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் நெடுநேரம் வைத்திருந்தார். அக்கா வந்து வாங்கிப் பார்த்தாள். கோடுகளை விரல் நகத்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.

இதற்குக் காரணம் அந்தக் கரும்புள்ளிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். பேராசிரியர் சொன்னதை மறைத்தால் நானும் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னவளாகிவிடுவேன் அல்லவா! பிறகு வெற்றிட உலையைப்பற்றிச் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டார்.

"காத்தே இல்லாம உருக்குனாலும் தூசி வருதா?"

"வருதுங்கப்பா. ரொம்பக் கம்மியா வருது. பாத்திரத்துலேருந்தே வருது."

"அப்ப அங்க யார் சம்பளத்துல பிடிப்பாங்க?"

அம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், ஏரோப்ளேன் எஞ்சின் ஒவ்வொன்றிலும் எந்தத் துண்டு எந்த உலையில் எந்த நாளில் உருக்கப்பட்டது என்று எண் போட்டு வைத்திருப்பார்கள், அதை வைத்துப் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பார்கள் என்றேன். அப்பா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்வெட்டுக்கு அருகில் ஏதோ எழுத்து இருந்ததுபோல் ஒரு தேய்மானம். படிக்க முடியவில்லை.

விடுமுறை முடிந்து கிளம்பும்போது, அந்தத் துண்டை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று பேராசிரியர் கேட்டிருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு ஸ்டோக்ஸ் சோதனையோடு சேர்த்துக் காட்டுவதற்காக. அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வந்தபோதும் சாக்குப் பை அவர் தோளில்தான் இருந்தது. பேருந்து வந்து நின்றபோது பையை என்னிடம் கொடுத்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா கிரீஸ் தடவச் சொல்லு. மொகத்துல மட்டும் தடவுனாப் போதும்."

ஆமணக்கெண்ணெய் ஜாடிக்குப் பக்கத்து அலமாரியில், இரண்டாவது தட்டில் இப்போது அது இருக்கிறது. கிரீஸ் டப்பா கீழ்த்தட்டில்.